அக்காவின் விசுவாசம் காணாதாம்

சென்ற வாரம் ஓர் இரவு, ஒன்பது மணிக்குப் பின்னர், தொலைபேசி ஒலித்தது. பேசியவர் எனக்குத் தம்பி முறையானவர். வயது 52. பதினாறு வருடங்களாக நீரிழிவுக்காரர். கடந்த 4 வருடங்களாக இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். சுகம் விசாரித்து முடிந்ததும் சிறிது தயங்கிவிட்டுக் கேட்டார்:

"அண்ணை, 21 நாள் உபவாச ஜெபம் ஒண்டு வைக்கினம். ஊசியை நிப்பாட்டிப்போட்டு வரச்சொல்லுகினம். ஊசியும் போட்டுக்கொண்டு ஜெபிக்கிறது ஆண்டவரைச் சந்தேகப்படுகிற மாதிரியாம். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"நிப்பாட்டக் கூடாது" என்று உடனே சொன்னேன். சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டேன் போலும். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, "அண்ணை, உங்களுக்கு விசுவாசம் இல்லையோ?" என்றார். அது குத்தலாகக் கேட்ட கேள்வியல்ல. மனிதர் உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. தொலைபேசியில் இரண்டு சொற்களில் கொடுத்த பதிலை விரிவாகக் கொடுக்கும் கடன் எனக்கு உண்டு. ஆகவேதான் இதை எழுதுகிறேன். நான் கடவுள் மறுப்பாளன் அல்லன். ஞாயிறு தோறும் ஆராதனைக்குப் போகிறவன். ஜெபத்தைக் கேட்கின்ற ஒருவர் இருக்கிறார் என்று இந்த வயதிலும் நம்புகிறவன். வைத்தியர்கள் கைவிட்டுப் பிழைத்து எழுந்த இருவரை என் கண்ணால் கண்டிருக்கிறேன். அதற்கு என்னிடம் விளக்கம் கிடையாது. விளக்கம் தேட முயன்றதும் இல்லை. எனினும், என் உடன்பிறந்த அக்காவின் கதையை நான் இதுவரை எங்கும் எழுதவில்லை. எழுதாததற்குக் காரணம் துக்கம் என்று மற்றவர்களிடம் சொல்லிவந்தேன். உண்மையான காரணம் வெட்கம்.

2003ஆம் ஆண்டு. போர்நிறுத்த காலம். ஏ9 பாதை திறந்து ஒரு வருடமாகியிருந்தது. அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து முகமாலை, ஓமந்தைச் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தா. ஓய்வுபெற்ற ஆசிரியை. அத்தான் காலமாகி ஆறு வருடங்கள். ஒரே மகன் ரொறன்ரோவில். மார்பில் ஒரு கட்டி இருப்பதை அவ என் மனைவியிடம்தான் முதலில் சொன்னா. பரிசோதனைகள் நடந்தன. புற்றுநோய்தான், ஆனால் பரவியதற்கு அறிகுறி இல்லை, சத்திரசிகிச்சையைத் தாமதிக்க வேண்டாம் என்றார் வைத்தியர். மகரகம வைத்தியசாலையில் திகதியும் குறித்தாயிற்று.

அந்தத் திகதிக்கு 9 நாட்கள் முன்னர் கொழும்புக்கு அண்மையில் ஒரு மைதானத்தில் சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். அக்காவை நான்தான் கூட்டிச்சென்றேன். மேடையிலிருந்து அவர், மார்பில் கட்டியுள்ள ஒரு சகோதரி இங்கே இருக்கிறாள் என்றும், இந்த நிமிடத்தில் அவள் குணமாகிறாள் என்றும் அறிவித்தார். அக்கா என் கையை இறுகப் பிடித்தா. அவவின் கை நடுங்கியது. பல ஆயிரம் பேர் கூடியிருந்த ஒரு மைதானத்தில் அப்படியொரு சகோதரி இல்லாதிருந்தால்தான் அதிசயம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. பின்னர், மிகப் பின்னர்தான் தோன்றியது. அக்கா மேடைக்குப் போய்ச் சாட்சி சொன்னா. கூட்டம் ஆர்ப்பரித்தது.

திகதி வந்தது. அக்கா மகரகமவுக்குப் போகவில்லை. சுகமாக்கப்பட்டவள் கத்திக்குப் போனால் ஆண்டவர் செய்ததை மறுதலிப்பதாகும் என்று அவவிடம் சொல்லியிருந்தார்கள். நான் என்ன செய்தேன்? முப்பது வருடங்களாக அமைச்சர்களையும் அதிகாரிகளையும் ஆதாரம் கேட்டுத் துளைத்தெடுத்த பத்திரிகைக்காரன், சொந்த அக்காவிடம் ஒரேயொரு கேள்விகூடக் கேட்கவில்லை. "விசுவாசத்தோடை இருங்கோ அக்கா" என்றேன். அப்படிச் சொல்வது எனக்கு வசதியாக இருந்தது. ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து பயப்படுவதைவிட, சுகமாகிவிட்டது என்று நம்புவது எவ்வளவோ இலேசு. அதற்கு விசுவாசம் என்று நான் பெயர் வைத்திருந்தேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அக்கூட்டத்துக்கு முன்னர் நான் கடமையாற்றிய பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரங்கள் வெளிவந்தன. குருடர் பார்த்தனர், முடவர் நடந்தனர் என்று படங்களோடு சாட்சிகள். சாதாரண மரண அறிவித்தல் ஒன்றைப் பிரசுரிக்கவே அத்தாட்சி கேட்கின்ற அலுவலகம் அது. அந்தச் சாட்சிகளில் ஒன்றைக்கூட எவரும் விசாரிக்கவில்லை. விளம்பரப் பகுதி வேறு, ஆசிரியபீடம் வேறு என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

ஏழு மாதங்களின் பின்னர் அக்காவுக்கு முதுகு வலி தொடங்கியது. மீண்டும் மகரகமவுக்குப் போனோம். வைத்தியர் ஏசவில்லை. கிளினிக் கொப்பியில் முன்னைய திகதியைப் பார்த்தார், எங்கள் முகத்தைப் பார்த்தார், அடுத்த பக்கத்தைத் திருப்பி எழுதத் தொடங்கினார். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். நோய் எலும்புக்குப் பரவியிருந்தது.

அந்த நாட்களில்தான் கூட்டத்தை ஒழுங்குசெய்த குழுவைச் சேர்ந்த இருவர் வீட்டுக்கு வந்தனர். நான் வேலையில் இருந்தேன். இரவு வந்தபோது அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தா. எவ்வளவோ கேட்டபின், திரும்பாமலே சொன்னா:

"என்ரை விசுவாசம் காணாதாம், தம்பி. இல்லாட்டி வீட்டிலை மறைச்ச பாவம் ஏதோ இருக்காம். இன்னும் எவ்வளவு விசுவாசம் வேணுமெண்டு அவையளைக் கேட்டுச் சொல்லன்."

போரிலும் இடம்பெயர்விலும் வீட்டையும் வளவையும் விட்டு, 1995 ஒக்ரோபர் இரவில் மழைக்குள் நாவற்குழி வீதியால் நடந்தபோதும் வேதப்புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தவ. அவவின் விசுவாசம் காணாதாம்!

புற்றுநோய் அக்காவின் உடம்பைத் தின்றது. அந்த ஒரு வசனம் அவவின் உள்ளத்தைத் தின்றது. முன்னையதற்கு எவர்மீதும் குற்றஞ்சாட்ட முடியாது. பின்னையதை மனிதர் செய்தனர், அதுவும் ஆண்டவரின் பெயரால் செய்தனர். நோயாளியிடம் உன் விசுவாசம் போதாது என்று சொல்வது பாவம் என்று நான் எழுதுவதைச் சிலர் மிகையென்பர். யோபுவின் புத்தகத்தை எடுத்து வாசிக்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

யோபுவைப் பார்க்க எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று நண்பர்கள் வந்தனர். வந்தவர்கள் 7 நாட்கள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தனர். அவன் துயரம் பெரிதென்று கண்டு ஒருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் செய்தவற்றுள் உருப்படியான காரியம் அதுதான். எட்டாம் நாள் வாயைத் திறந்தனர், எல்லாம் பாழாயிற்று. நீ ஏதோ பிழை செய்திருக்கிறாய், இல்லாவிட்டால் இது வராது. திருந்து, எல்லாம் சரிவரும் என்பதே மூவரின் வாதத்தினதும் சாரம். கேட்பதற்குப் பக்தியான பேச்சு. கடவுளுக்காக வழக்காடும் பேச்சு. யோபுவோ முறையிடுகிறான், பிறந்த நாளைச் சபிக்கிறான், கடவுளையே வழக்குக்கு அழைக்கிறான். இறுதி அதிகாரத்தில் தீர்ப்பு வருகிறது. கடவுள் கோபங்கொள்வது எலிப்பாசின் மீதும் அவனுடைய இரு நண்பர்கள் மீதும்! தன்னைப்பற்றி யோபு பேசியதே சரி, இவர்கள் பேசியது சரியல்ல என்கிறார். அந்த மூவருக்காக ஜெபிக்கும் பொறுப்பையும் யோபுவிடமே கொடுக்கிறார். அழுது புலம்பிய நோயாளியின் பக்கம் கடவுள் நிற்கிறார். இதை எத்தனை பிரசங்கங்களில் நாம் கேட்டிருக்கிறோம்?

பிறவிக்குருடனைக் கண்ட சீடர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டனர். பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று. இயேசு இரண்டையும் மறுத்தார். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்ட செய்தியிலும் அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. எங்கள் மண்ணிலும் கோபுரங்கள் விழுந்திருக்கின்றன. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலித் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள்மீது குண்டு விழுந்தது. 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே நின்ற பிள்ளைகளும் இருந்தனர். அவர்களுடைய விசுவாசமும் காணாதா? இதை அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் முன்னிலையில் எழுந்து நின்று சொல்ல எந்தப் பிரசங்கியாருக்காவது துணிவுண்டா? அங்கே சொல்ல முடியாததை ஏன் கட்டிலில் கிடக்கும் ஒருத்தியிடம் சொல்லுகிறீர்கள்?

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். மருந்து எடுப்பது சந்தேகமா? எசேக்கியா ராஜா மரணப் படுக்கையில் அழுது ஜெபித்தான். கடவுள் கேட்டு, இன்னும் 15 வருட ஆயுளைக் கொடுத்தார். வாக்குறுதி கிடைத்தாயிற்று, இனி மருந்தெதற்கு? ஆனால் அந்த வாக்குறுதியைக் கொண்டுவந்த ஏசாயா தீர்க்கதரிசியே அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்லுகிறார். பவுலடியார் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குச் சிறிது திராட்சரசம் எடுக்கும்படி எழுதுகிறார். உன் விசுவாசத்தைக் கூட்டு என்று எழுதவில்லை. துரோப்பீமுவை நோயாளியாக மிலேத்துவில் விட்டுவந்ததாக ஒரே வரியில் குறிப்பிடுகிறார். அப்போஸ்தலரின் கூட்டாளிக்கே சுகம் கிடைக்கவில்லை. அதற்காக எவரும் அவரைக் குறைசொல்லவும் இல்லை. பவுலோடு கடைசிவரை கூட இருந்த லூக்கா ஒரு வைத்தியர் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எங்கள் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருப்பது வேடிக்கை. 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் என்ன செய்தார்? ஜெபித்தார், அத்தோடு எங்கள் பையன்களுக்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். இரணவைத்தியம் போன்ற நூல்களைத் தமிழில் வெளியிட்டார். தமிழருக்கான மருத்துவ ஊழியன் என்று தன் கல்லறையில் பொறிக்க வேண்டுமென விரும்பிய மனிதர் அவர். வேதமும் மருந்துப் போத்தலும் ஒரே கூரையின் கீழிருந்த மரபு எங்களுடையது. அந்த மரபில் வந்தவர்கள் இன்று ஊசியைக் கண்டு விசுவாசத்துக்கு ஆபத்து என்கிறார்கள்.

தொண்ணூறுகளில் மருந்துகளுக்குத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் நாங்கள் வெறுங்கையோடு ஜெபித்தோம். 2022இல் நாடு வங்குரோத்தாகி ஆஸ்பத்திரிகளில் மருந்து தட்டுப்பட்டபோதும் பலர் அப்படியே ஜெபித்தனர். இல்லாதபோது ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு கிடப்பதைப் புரிந்துகொள்கிறேன், வணங்குகிறேன். பெட்டிக்குள் இருக்கும் ஊசியை எறிந்துவிட்டு அவர் என்ன செய்கிறார் பார்ப்போம் என்பது வேறு. தேவாலய உப்பரிகையிலிருந்து கீழே குதிக்கச்சொன்ன யோசனை அது. அதைச் சொன்னவன் யாரென்பது வேதம் வாசித்தவர்களுக்குத் தெரியும்.

அப்படியானால் அக்காவின் விசுவாசம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள்.

பல வாரங்கள் அவ ஜெபிக்கவில்லை. ரொறன்ரோவிலிருந்து மகன் ஒவ்வொரு மாலையும் தொலைபேசி எடுப்பான். அங்குள்ள சபையார் தொலைபேசியிலேயே சங்கிலி ஜெபம் நடத்துவதாகச் சொல்லுவான். அவ "ஓம், ஓம்" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவா. மேல்மாடியில் வசித்த சைவக் குடும்பத்து அம்மா ஒருவர் தினமும் கஞ்சி கொண்டுவந்து, அக்கா குடித்து முடியும்வரை கட்டிலருகே இருந்துவிட்டுப் போவார். உபதேசம் எதுவுமில்லை. சில நாள் தலை வாரிவிடுவார். யோபுவின் நண்பர்கள் முதல் 7 நாட்கள் செய்ததை அந்த அம்மா 5 மாதங்கள் செய்தார்.

ஒருநாள் எங்கள் சபையின் பழைய போதகர் வந்தார். ஓய்வுபெற்று, கண்பார்வை மங்கி, பிரசங்கம் செய்வதை விட்டிருந்தவர். சுகம் வரும் என்றும் சொல்லவில்லை, வராதென்றும் சொல்லவில்லை. என்னைக் கூப்பிட்டு 88ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொன்னார். வாசகர்களில் எத்தனை பேர் அதை அறிவீர்களோ தெரியாது. இரவும் பகலும் கூப்பிட்டும் பதில் வராத ஒருவனின் புலம்பல் அது. ஏனைய புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை முடிவில் எங்காவது ஒரு துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்புவதில்லை. இருளிலே தொடங்கி இருளிலேயே முடிகிறது. நான் வாசித்து நிறுத்தியபோது, அடுத்த வரியைத் தவறவிட்டேனோ என்று புத்தகத்தைத் திரும்பப் பார்த்தேன்.

அக்கா கேட்டா: "ஐயா, இதுவும் வேதத்திலையோ இருக்கு?"

"இருக்கு பிள்ளை" என்றார் போதகர். "எடுத்தெறியாமல் வைச்சிருக்கினம்."

அவ அழத் தொடங்கினா. பல வாரங்களின் பின் அழுதா. அழுகை ஓய்ந்தபின், போதகரிடம் ஜெபிக்கச் சொன்னா. அவர் கர்த்தரின் ஜெபத்தை மட்டும் சொன்னார். அவவும் கூடச் சொன்னா.

அன்று முதல் அவ எங்களைச் சுகத்துக்காக ஜெபிக்கச் சொல்லவில்லை; ஜெபிக்க வேண்டாமென்றும் சொல்லவில்லை. வலி கூடிய இரவுகளில் மோர்பின் எடுத்தா. அது வேலை செய்யும்வரை ஆண்டவரோடு சண்டை பிடித்தா. விடிந்ததும் நன்றி சொன்னா. 2004 நவம்பரில் அவ கண்மூடும்வரை அப்படியே நடந்தது. சத்திரசிகிச்சை செய்திருந்தால் நிச்சயமாகப் பிழைத்திருப்பா என்று நான் எழுத முடியாது. அப்படி எவரும் உத்தரவாதம் தர முடியாது. அந்த 7 மாதங்கள் அவவிடமிருந்து எடுக்கப்பட்டன, அதில் எனக்கும் கைபங்கு உண்டு என்பது மட்டும் நிச்சயம்.

சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். சுகமளிக்கும் கூட்டம் நடத்துங்கள், தடுக்கவில்லை. ஆனால் மேடையிலிருந்து ஒரு வசனம் சொல்லுங்கள்: மருந்தை நிறுத்தாதீர்கள், வைத்தியர் குறித்த திகதிக்குப் போங்கள் என்று. இதைச் சொன்னால் காணிக்கை குறைந்துவிடுமா? சாட்சி சொன்னவரை ஒரு வருடம் கழித்துப் போய்ப் பாருங்கள். பத்திரிகை நடத்தும் இளைய நண்பர்களே, பணம் கட்டிய சாட்சியமானாலும் ஒருமுறை விசாரித்துவிட்டுப் போடுங்கள். புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து ஊழியங்களுக்குப் பணம் அனுப்பும் உறவுகளுக்கும் ஒன்று: ஊரில் கிடக்கும் ஒரு நோயாளிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஓட்டோக் கூலியும், இரவில் கூட இருக்க ஓர் ஆளும் ஒழுங்குசெய்ய முடியுமா என்று பாருங்கள். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை சிங்களவரும் தமிழருமாகப் பலர் நடந்து சேர்த்த பணத்தில்தான் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. அக்காவின் காலத்தில் அது இருக்கவில்லை. அந்தப் பக்கத்தால் போகும் போதெல்லாம் பஸ் யன்னலால் எட்டிப் பார்ப்பேன்.

நேற்று மாலை தம்பி வீட்டுக்குப் போனேன். கடுமையாகப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். மேலே எழுதியிருப்பதில் பாதியைச் சொன்னேன். மீதியை அவருடைய மனைவி கேட்க விரும்பவில்லை. இரவில் 3 மணித்தியாலம் ஜெபிக்கட்டும், நானும் வந்து உட்காருகிறேன், உபவாசத்தை மட்டும் வைத்தியரைக் கேட்டுச் செய்யலாம் என்றேன். ஊசிப் பெட்டி குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் இருந்ததைக் கண்டேன். போடுகிறாரா என்று கேட்கவில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை அவருக்குக் கிளினிக். நம்பர் துண்டு எடுக்கக் காலை 6 மணிக்கே போய் நிற்க வேண்டுமாம். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். "உங்களுக்கேன் அண்ணை கரைச்சல்" என்றார். வரவேண்டாம் என்று சொல்லவில்லை.